சென்னைத் தெருச் சங்கங்களின் வரலாறு

சென்னை நகரின் தெருக்களிலும் குடியிருப்புகளிலும் வாழும் மக்கள் தாமே கூடி அமைத்துக்கொண்ட சங்கங்கள், சபைகள், மன்றங்கள் ஆகியவற்றுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. மளிகைக் கடை நடத்துவது, பஜனை நடத்துவது, படிப்பகம் திறப்பது, குப்பை அள்ளுவது, மழைநீரைச் சேமிப்பது, வெள்ளத்தில் உணவு கொடுப்பது என அவை செய்த பணிகள் பல.

சென்னை மாநகராட்சி 1688ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இந்தியாவின் மாநகராட்சிகளில் மிகப் பழமையானது இதுவே. இத்தனை பழைய உள்ளாட்சி இருந்த நகரில் மக்கள் ஏன் தனியாகச் சங்கம் அமைக்க வேண்டியிருந்தது என்ற கேள்வி இயல்பாகவே எழும். சுருக்கமான விடை இது: மாநகராட்சி செய்யாமல் விட்ட இடங்களில் சங்கங்கள் தோன்றின. அதே வேலையை வேறொருவர் எடுத்துக்கொண்டபோது பல சங்கங்கள் கலைந்தன. செய்த வேலையை ஓர் உரிமையாகவோ சட்டமாகவோ நிலையான நிறுவனமாகவோ மாற்றிக்கொண்டவை மட்டும் தடம் பதித்தன.

திருவல்லிக்கேணி: ஒரு கூட்டுறவுக் கடை

1904ஆம் ஆண்டு திருவல்லிக்கேணியில் தொடங்கப்பட்ட நகரக் கூட்டுறவுச் சங்கம் இந்தியாவின் முன்னோடி நுகர்வோர் கூட்டுறவுகளில் ஒன்று. இதைத் தொடங்கியவர்களில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியும் ஒருவர். அப்போது அவர் அப்பகுதியின் இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தார். பின்னர் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து நாடறிந்த தலைவரானார்.

மாதச் சம்பளக்காரர்கள் நிறைந்த பகுதி அது. கடைக்காரரிடம் கணக்கு வைத்து, விலையும் எடையும் அவர் சொன்னபடியே ஏற்று வாங்கிவந்த குடும்பங்கள், தங்களுக்கென்று ஒரு கடையைத் தாங்களே நடத்த முன்வந்தன. அதே 1904இல் வந்த கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே கருத்திற்கொண்டது. பிற வகைக் கூட்டுறவுகளுக்கு 1912ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. சட்டம் கண்டுகொள்வதற்கு முன்பே ஒரு பேட்டை மக்கள் ஒரு புதிய வகைச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

பெரம்பூர்: பஜனைச் சபையிலிருந்து தொழிற்சங்கம்

நகரின் வடபகுதியில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின. பெரம்பூரில் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இரு வணிகர்கள் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்ற பெயரில் பக்திச் சொற்பொழிவுகளை நடத்திவந்தனர். ஆலைத் தொழிலாளர்கள் அங்கே கூடினார்கள். சொற்பொழிவு முடிந்தபின் ஆலையில் படும் துன்பங்களைப் பற்றிப் பேசினார்கள். திரு. வி. கலியாணசுந்தரனார் அச்சபையில் உரையாற்றியவர்களுள் ஒருவர். அந்தத் தொடர்பிலிருந்தே 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியா அதன் தலைவர், திரு. வி. க. துணைத் தலைவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாக வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகின்றனர்.

தெருச் சங்கத்தின் வலிமை இதில் தெரிகிறது, அதன் எல்லையும் தெரிகிறது. 1921ஆம் ஆண்டு ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினர். அதைத் தொடர்ந்து புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, வீடுகள் எரிந்தன. ஆலை ஒன்றுசேர்த்தவர்களைத் தெரு பிரித்தது. ஏனெனில் அன்றைய தெருக்களும் சேரிகளும் சாதி அடிப்படையிலேயே அமைந்திருந்தன.

ஒடுக்கப்பட்ட மக்கள் தங்களுக்கெனச் சங்கங்களை முன்பே அமைக்கத் தொடங்கியிருந்தனர். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் இராயப்பேட்டையில் இயங்கியது. அங்கிருந்தே 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் வெளிவந்தது. பொதுச் சபைகளில் தமக்கு இடமில்லாதபோது தனிச் சபை அமைத்துக்கொள்வதே அவர்களுக்கிருந்த வழி.

படிப்பகங்களும் மன்றங்களும்

1949இல் இராயபுரம் ராபின்சன் பூங்காவில் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்டதை அடுத்து, அக்கட்சியின் கிளைகள் தெருதோறும் படிப்பகங்களைத் திறந்தன. ஒரு கொட்டகை, ஒரு பெஞ்சு, நாலைந்து நாளிதழ்கள், இவ்வளவே பெரும்பாலானவற்றின் முதலீடு. எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். பொதுவுடைமை இயக்கத்தாரும் இவ்வாறே படிப்பகங்கள் நடத்தினர். கால்பந்து, கேரம், குத்துச்சண்டைக் குழுக்களும் பின்னர் நடிகர்களின் ரசிகர் மன்றங்களும் இதே தெருமுனை இடங்களில் வளர்ந்தன. இரத்த தானம், இலவசப் பாடநூல், கோயில் திருவிழா என்று அவற்றின் பணிகளும் விரிந்தன.

மன்றம் இல்லாத 23 ஆண்டுகள்

சென்னைத் தெருச் சங்கங்களின் வரலாற்றில் பெரிய திருப்பம் 1973ஆம் ஆண்டு டிசம்பரில் நேர்ந்தது. மஸ்டர் ரோல் ஊழல் எனப்படும் முறைகேடு வெளிவந்ததை அடுத்து மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அதன்பின் 1996 அக்டோபர் வரை தேர்தல் நடைபெறவில்லை. தனி அலுவலர்களே நகரை நிர்வகித்தனர்.

இதே ஆண்டுகளில் அண்ணா நகர், கலைஞர் கருணாநிதி நகர், பெசன்ட் நகர் போன்ற வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள் வளர்ந்தன. புதிதாகக் குடியேறியவர்களுக்குத் தண்ணீர், சாலை, தெருவிளக்கு, கழிவுநீர்க் குழாய் எல்லாம் தேவைப்பட்டன. கேட்பதற்கு வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. எனவே குடியிருப்போர் நலச் சங்கங்கள் தோன்றின. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். தலைவர், செயலாளர், பொருளாளர், ஆண்டுப் பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு என்ற ஒழுங்கு இவ்வாறு தெருவுக்குள் வந்தது. ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களும் வங்கி ஊழியர்களும் ஆசிரியர்களும் இச்சங்கங்களின் பொறுப்பாளர்களாக இருந்ததில் வியப்பில்லை. மனு எழுதவும் அலுவலகப் படியேறவும் அவர்களுக்குப் பழக்கமும் நேரமும் இருந்தன.

எக்ஸ்னோரா: தெருவின் குப்பை தெருவின் பொறுப்பு

1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரில் 38 லட்சம் பேர் வாழ்ந்தனர். அன்று மாநகராட்சி வீடு வீடாகக் குப்பை சேகரிக்கவில்லை. மக்கள் தெருமுனைத் தொட்டியில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். தொட்டி தொலைவில் இருந்ததாலும் நிரம்பி வழிந்ததாலும் குப்பை பெரும்பாலும் சாலையிலேயே கிடந்தது.

வங்கி ஊழியராக இருந்த எம். பி. நிர்மல் 1989இல் எக்ஸ்னோரா என்ற அமைப்பைத் தொடங்கினார். ‘சிறந்த, புதுமையான, அடிப்படையை மாற்றும்’ எண்ணங்கள் என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து உருவாக்கிய பெயர் அது. அதன் தெருக் கிளைகள் இயங்கிய முறை எளிமையானது. ஒரு தெருவின் குடும்பங்கள் மாதம் ஒரு சிறு தொகையைச் சந்தாவாகத் தரும். அந்தப் பணத்தில் ஒரு மூன்று சக்கர வண்டி வாங்கப்படும், ஒருவர் வேலைக்கு அமர்த்தப்படுவார். காலையில் அவர் மணியோ விசிலோ அடித்துக்கொண்டு வர, வீட்டுக்காரர்கள் குப்பையைக் கொடுப்பார்கள். அவர் அதை மாநகராட்சித் தொட்டியில் சேர்ப்பார். அங்கிருந்து எடுத்துச் செல்வது மாநகராட்சியின் வேலை. வண்டியோட்டியைக் குப்பைக்காரர் என்று அழைக்காமல் தெருவை அழகுபடுத்துபவர் என்று அழைக்க வேண்டும் என்பது அமைப்பின் கொள்கை. முன்பு குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் சிலருக்கு இது மாதச் சம்பளமுள்ள வேலையானது. காகிதம், பாட்டில், தகரம் விற்ற பணமும் அவர்களுக்கே சேர்ந்தது.

இம்முறை நகரின் பல பகுதிகளுக்கும் பிற ஊர்களுக்கும் பரவியது. ஆனால் அது மூன்று தூண்களின் மேல் நின்றது: தவறாமல் சந்தா தரும் வீடுகள், வீடு வீடாகச் சென்று அதை வசூலிக்கும் ஒரு பொருளாளர், தொட்டியை நேரத்தில் காலி செய்யும் மாநகராட்சி. இவற்றில் ஒன்று சரிந்தாலும் வண்டி நின்றுவிடும்.

2000ஆம் ஆண்டு மாநகராட்சி தனது பத்து மண்டலங்களில் மூன்றை ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்நிறுவனத்தின் வண்டிகள் வீட்டு வாசலுக்கே வந்தன. ‘வரியும் கட்டி, சந்தாவும் ஏன் கட்ட வேண்டும்?’ என்று மக்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. பல தெருக் கிளைகள் இயக்கத்தை நிறுத்திக்கொண்டன. தெரு தூய்மையானது, ஆனால் ஒன்று மாறிப்போனது. தெருக் கிளைகளில் குப்பை குறைந்தால் நன்மை: மக்கும் குப்பை உரமாகும், மற்றது விலைபோகும். ஒப்பந்த நிறுவனத்துக்கோ டன் கணக்கில் பணம் தரப்பட்டதால், குப்பையைக் குறைக்கவும் பிரிக்கவும் அதற்குக் காரணம் இல்லை. பிரிக்காத குப்பை பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்கும் சென்று மலையாகக் குவிந்தது. திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016இல் வந்தபோது, குப்பையைப் பிரித்துத் தரும் பொறுப்பு மீண்டும் வீடுகளுக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்குமே வந்துசேர்ந்தது.

மழைநீர்: வேண்டுகோள் சட்டமான கதை

1990களில் பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் குறைந்து, உப்புநீர் உட்புகும் அச்சம் எழுந்தது. சேகர் ராகவன் அப்பகுதியில் வீடு வீடாகச் சென்று மொட்டைமாடி நீரை நிலத்துக்குள் இறக்குமாறு கேட்டுக்கொண்டார். தொடக்கத்தில் செவிமடுத்தவர்கள் குறைவு. 2002இல் மழை இல்லம் என்ற விளக்க மையம் தொடங்கப்பட்டது. 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஒரு தெருவில் தொடங்கிய வேண்டுகோள் மாநிலச் சட்டமானது. எனினும் சட்டத்துக்காகக் கட்டிய தொட்டிகள் பராமரிக்கப்படுகின்றனவா என்று பார்க்க இன்றும் தெருவில் ஒருவர் தேவைப்படுகிறார்.

யார் குடியிருப்போர்?

நலச் சங்கங்களைப் பற்றிப் பேசும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. குடியிருப்போர் என்ற சொல்லில் யார் அடங்குவர்? பல சங்கங்களில் வீட்டு உரிமையாளர்களே முழு உறுப்பினர்கள். வாடகைக்கு இருப்பவர், அதே தெருவில் தள்ளுவண்டி வைத்திருப்பவர், பின்புறக் குப்பத்தில் வாழ்பவர் ஆகியோர் கணக்கில் வருவதில்லை. நடைபாதை வியாபாரிகளை அகற்றக் கோரி மனு கொடுத்த சங்கங்களும் உண்டு.

குப்பங்களிலும் சங்கங்கள் இருந்தன. மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் நலச் சங்கங்களை விடப் பழையவை. குடிசைப் பகுதிகளின் பெண்கள் அமைப்புகள் பட்டாவுக்கும் தண்ணீருக்கும் போராடின. 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 2000க்குப் பின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகருக்கு வெளியே மக்கள் குடியமர்த்தப்பட்டபோது, பல ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்த அண்டை வீட்டாரும் அவர்களின் சங்கங்களும் சிதறின. நலச் சங்கம் கேட்டது பெரும்பாலும் வசதி. குப்பத்துச் சங்கம் கேட்டது அதே இடத்தில் வாழும் உரிமை.

இவ்விரு உலகங்களும் சந்தித்த தருணங்கள் உண்டு. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய கலைவிழா அத்தகையது. அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில் அடையாற்றங்கரைப் பகுதிகள் மூழ்கியபோது மீனவர்கள் படகுகளோடு வந்து மக்களை மீட்டனர். கோயில்கள், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், இளைஞர் குழுக்கள் சமைத்து உணவளித்தன. வெள்ளம் வடிந்தபின் பிற மாவட்டங்களிலிருந்து வந்த தூய்மைப் பணியாளர்கள் நகரைச் சுத்தம் செய்தனர். அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் சிக்கியவருக்கு அன்று உதவிய பலர், எந்த நலச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலும் இல்லாதவர்கள்.

பகுதி சபைகள்

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்களை அமைக்கச் சொன்னது. ஊராட்சிகளில் கிராம சபை இருப்பதுபோல் நகரத்தில் மக்கள் நேரே கூடிப் பேசும் அவை மட்டும் நெடுங்காலம் இல்லை. 2016 முதல் 2022 வரை சென்னையில் மன்றமே மீண்டும் இல்லாமல் போனது. 2022இல் தேர்தல் நடந்தபின், அவ்வாண்டு விதிகளின்படி வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெற்றன. ஆனால் வார்டு குழுவில் இடம்பெறும் பகுதிப் பிரதிநிதிகள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படாமல் நியமிக்கப்படுவதைப் பல சங்கங்கள் குறையாகச் சுட்டுகின்றன.

மதிப்பீடு

தன்னார்வச் சங்கங்கள் நல்ல வேலை செய்தன என்று பாராட்டுவது எளிது. அவ்வேலையைச் செய்யும் கடமை யாருடையது என்று கேட்பது அதைவிட முக்கியம். திருவல்லிக்கேணிக் கடை நிலையான நிறுவனமானது. பெரம்பூர் சபை தொழிலாளர் உரிமைக்கு வழிவகுத்தது. மழைநீர் முயற்சி சட்டமானது. குப்பை வண்டியோ மற்றொரு வண்டி வந்ததும் நின்றுவிட்டது. அதை ஓட்டிய தெரு மக்கள், அந்த வேலை எப்படிச் செய்யப்பட வேண்டும் என்று சொல்லும் அதிகாரத்தைக் கேட்டுப் பெறவில்லை. பகுதி சபை அந்த அதிகாரத்தைத் தரக்கூடிய இடம். வாடகைக்காரரும் குப்பத்தாரும் தள்ளுவண்டிக்காரரும் அங்கே சமமாக அமர்ந்தால்தான் அது பொது அவையாகும்.

இவ்வரலாற்றுக்கான சான்றுகள் பெரும்பாலும் ஆவணக் காப்பகங்களில் இல்லை. சங்கங்களின் கூட்டக் குறிப்பேடுகளிலும் சந்தா ரசீதுகளிலும் மாநகராட்சிக்கு அனுப்பிய மனு நகல்களிலும் அவை இருக்கின்றன. பழைய செயலாளர் ஒருவர் வீடு மாறும்போது அவை பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன. உள்ளூர் வரலாறு படிக்கும் மாணவர்கள் தங்கள் தெருச் சங்கத்தின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படியெடுத்து வைத்தால், நகர வரலாற்றின் ஒரு பக்கம் அழியாமல் காக்கப்படும்.