ஆறு நாட்களும் ஆண்டுக் கணக்கும்

இறைவன் ஆறு நாட்களில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தான் என்று விவிலியத்தின் முதல் நூலாகிய ஆதியாகமம் கூறுகின்றது. அந்நாட்களை நாம் வாழ்ந்து கழிக்கும் நாட்களாகவே கொள்ள வேண்டுமா என்னும் வினா கிறித்தவ உலகில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. பூமியின் அகவை ஏறத்தாழ 454 கோடி ஆண்டு என்று அறிவியல் கணித்துவிட்டமையால், வேறு வழியின்றிச் சமயவாணர் சொற்களுக்குப் புதுப்பொருள் தேடினர் என்பது பலருடைய எண்ணம். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. அவ்வரலாற்றின் சுவையான பகுதியொன்று நாம் வாழும் இக்கல்கத்தா மாநகரிலேயே நிகழ்ந்தமையால், அதனை ஈண்டுச் சற்று விரித்துரைக்க விழைகின்றோம்.

ஆதியாகமத்தின்படி கதிரவன் தோன்றியது நான்காம் நாளில். அங்ஙனமாயின் முதல் மூன்று நாட்களுக்கு மாலையும் காலையும் எவ்வாறு வந்தன? இவ்வினாவை எழுப்பியவர் இக்கால நாத்திகர் அல்லர். மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓரிகன் என்னும் கிறித்தவப் பேரறிஞர். அவருக்கு மறுதலையாக நான்காம் நூற்றாண்டில் செசரியா நகர்ப் பசிலியார், புல் என்றால் தமக்குப் புல்தான் என்று உருவகப் பொருளை ஒதுக்கினார். இவ்விருவருக்கும் பின்வந்த அகுஸ்தீனாரின் முயற்சியோ வியப்புக்குரியது. ஆதியாகமத்தின் சொற்பொருளை ஆராய்வதற்கென்றே பன்னிரண்டு பாகங்கள் கொண்ட நூலொன்றை 401ஆம் ஆண்டளவில் தொடங்கி, பதினான்கு ஆண்டுகள் போல எழுதினார். சொற்பொருளையே நாடிச் சென்றவர், இறுதியில், இந்நாட்கள் நம் நாட்களைப் போன்றவை அல்ல, இறைவன் யாவற்றையும் ஒருங்கே படைத்தான் என்னும் முடிவுக்கு வந்தார். வானையும் விண்மீன்களையும் பற்றி, மறைநூலின் பெயரால் ஒருவன் பிழைபடப் பேசுவானாயின், அவற்றை நன்கறிந்த பிறர் நகைப்பர்; பின்னர் அவன் உயிர்த்தெழுதலைப் பற்றிக் கூறுவதையும் நம்பார் என்று அந்நூலிலேயே அவர் எச்சரித்தும் உள்ளார். பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் அகுஸ்தீனாரை ஏற்காது ஆறு இயல்பான நாட்களையே வலியுறுத்தினார். எனவே, இரு கருத்துகளும் பழமையுடையனவே.

நாட்களோடு ஆண்டுக் கணக்கும் சேர்ந்தபோதுதான் சிக்கல் முற்றியது. அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர், உலகம் கி.மு. 4004 அக்டோபர் 23ஆம் நாளுக்கு முந்திய மாலையில் தொடங்கியது என்று 1650இல் வெளியிட்டார். இன்று அவரை எள்ளி நகையாடுவது எளிது. அவரோ பாபிலோனிய, பாரசீக, கிரேக்க வரலாறுகளை விவிலிய வழிமுறைகளோடு ஒப்புநோக்கி உழைத்த புலமையாளர். எனினும் எபிரேய மூலத்தை விடுத்துப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் எண்களைக் கொண்டு கணக்கிட்ட பைசாந்தியருக்குப் படைப்பின் ஆண்டு கி.மு. 5509 ஆயிற்று. எழுத்துக்கு எழுத்து எண்ணியவரிடையே ஆயிரத்தைந்நூறு ஆண்டு வேற்றுமை! 1701 முதல் அஷரின் வழிவந்த ஆண்டுகள் ஆங்கில விவிலியத்தின் ஓரங்களில் அச்சிடப்பெற்றன. ஓரத்தில் நின்ற எண்ணும் மறைநூலின் பகுதியே என்று மக்கள் மயங்கியதில் வியப்பில்லை.

அந்த எண்ணைத் தம் நெஞ்சில் தாங்கியே சர் வில்லியம் ஜோன்ஸ் 1783இல் நீதிபதியாகக் கல்கத்தாவிற்கு வந்தார். மறு ஆண்டே ஆசியக் கழகத்தை நிறுவினார். இந்நாட்டுப் பண்டிதர் யுகங்களை இலட்சக் கணக்கில் எண்ணக் கண்டார். 1776இல் ஹால்ஹெட், இந்து சட்ட நூலொன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பிற்கு எழுதிய முன்னுரையில், இவ்வெண்கள் மோசேயின் காலக் கணக்கை ஐயுறச் செய்கின்றன என்று கூறியிருந்தார். ஜோன்ஸுக்கு அது பொறுக்கவில்லை. ஆதியாகமத்தின் முதல் பதினோர் அதிகாரங்கள் மெய்யல்லவெனின் தம் சமயம் முழுவதுமே பொய் என்பது அவர் நிலை. 1788இல் இந்துக்களின் காலக்கணக்கைப் பற்றிக் கட்டுரை வரைந்து, வெள்ளத்தினின்று தப்பிய மனுவை நோவாவாகக் கண்டு, நம் மரபு முழுவதையும் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் அடக்கிக் காட்டினார். வடமொழிக்கும் கிரேக்கத்திற்கும் உள்ள உறவை 1786இல் அவ்வளவு தெளிவாகக் கண்ட அதே கண்கள்தாம், உலக இனங்களையெல்லாம் நோவாவின் மூன்று மக்களுக்குள் வகுத்தன. பார்க் வீதிக் கல்லறையில் வானளாவி நிற்கும் அவரது நினைவுத்தூணைக் காணும்போதெல்லாம், சொற்களை நுணுகி நோக்கத் தெரிந்தவருக்கும் ஓரத்து எண் எவ்வளவு பெரிய திரையாயிற்று என்று நாம் எண்ணுவதுண்டு.

அடுத்து வந்தவர் ஜான் ஹென்றி பிராட். 1838இல் கம்பெனியின் குருவாக இந்தியாவிற்கு வந்து, 1850இல் கல்கத்தாவின் தலைமைக் குருக்களுள் ஒருவரான ஆர்ச்டீக்கன் பதவியை ஏற்றவர். கேம்பிரிட்ஜில் பயின்ற கணித வல்லுநருங்கூட. அக்காலத்தில் எவரெஸ்டு நடத்திய நில அளவையில் ஒரு புதிர் எழுந்தது. நடு இந்தியாவின் கல்யாண்பூருக்கும் தில்லிக்கு வடக்கேயுள்ள கலியானாவுக்கும் இடைப்பட்ட தொலைவை நிலத்தில் அளந்தால் ஒரு விடை. விண்மீன்களைக் கொண்டு கணித்தால் மற்றொரு விடை. வேறுபாடு 5.236 விகலைதான். இமயமலை, அளவைக்குரிய தூக்குக் குண்டைத் தன்பால் இழுப்பதே இதற்குக் காரணமோ என்று பிராட் மலையின் ஈர்ப்பைக் கணக்கிட்டார். வந்த விடை 15.885 விகலை, இருக்கவேண்டியதைப்போல் மும்மடங்கு! கணக்கு ஒத்துவரவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. 1855இல் இலண்டன் அரசக் கழகத்தின் ஏட்டில் உள்ளவாறே வெளியிட்டார். மலைக்கு அடியில் உள்ள பொருள் அடர்த்தி குறைந்தது என்னும் கொள்கை அந்த ஒவ்வாமையினின்றே பிறந்தது. நிலவியலில் இன்றும் அவர் பெயர் வழங்குகின்றது.

அதே பிராட், 1856இல், மறைநூலுக்கும் அறிவியலுக்கும் முரணில்லை என்று நாட்டும் நூலொன்றை வெளியிட்டார். அது பலமுறை பதிப்பிக்கப்பெற்றது. படைப்பைக் கூறும் முதல் வசனத்திற்கும் ஆறு நாட்களுக்கும் இடையில் அளவற்ற ஊழிகள் அடங்கலாம், பாறைகளின் பழமை முழுவதையும் அவ்விடைவெளியில் வைக்கலாம் என்பது அவர் பின்பற்றிய வழி. நாட்களும் காக்கப்பட்டன, பாறைகளும் காக்கப்பட்டன. ஆனால் அவ்விடைவெளியைப் பற்றி நூலில் ஒரு சொல்லும் இல்லை. தூக்குக் குண்டின் ஐந்து விகலைக்கு அவர் காட்டிய நேர்மையை மறைநூலின் சொற்களுக்கும் காட்டியிருக்கலாகாதா என்று நாம் ஏங்குகின்றோம்.

ஏனெனில் ஒத்துவராமை மறைநூலிலும் உண்டு. முதல் அதிகாரத்தில் விலங்குகளுக்குப் பின் மனிதன் தோன்றுகின்றான். இரண்டாம் அதிகாரத்தில் மனிதனுக்குப் பின் விலங்குகள். இரண்டாம் அதிகாரத்தின் நான்காம் வசனத்திலோ, எபிரேய மூலம் படைப்பு முழுவதையும் ‘நாள்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கின்றது. தமிழில் படிப்பவர் மற்றொன்றையும் கருத வேண்டும். வானத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் அடித்துத் தகடாக்குதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. நீரைத் தாங்கி நிற்கும் திண்ணிய கவிகையொன்றை நினைவூட்டுவது. நம் தமிழ் விவிலியத்தில் அது ‘ஆகாயவிரிவு’ என அழகுற மென்மை பெற்றுவிட்டது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் கைகளில் தொடங்கிய தமிழ்ப் பழைய ஏற்பாட்டைப் பலர் பலமுறை திருத்தியுள்ளனர். ‘எழுத்தின்படி நம்புகின்றேன்’ என்று தமிழில் சொல்பவர், மொழிபெயர்த்தோர் முன்பே செய்துவைத்த ஒரு முடிவையும் உடன் நம்புகின்றார். பாபிலோனியக் களிமண் ஏடுகளினின்று படைப்புக் கதையொன்றை 1876இல் ஜார்ஜ் ஸ்மித் வெளியிட்ட பின்னர், ஆதியாகமம் எத்தகைய பேச்சுகளுக்கு விடையிறுக்கின்றது என்பதும் விளங்கலாயிற்று. அங்கே கடலும் தேவர்களும் போரிடுகின்றனர். இங்கே போரில்லை, கதிரவனும் திங்களும் வெறும் விளக்குகள். எழுதியவர் நாளை எண்ணவில்லை. வழிபடத்தக்கவர் யார் என்று கூறினார் என்பதே எம் துணிபு. அவரை ஆண்டுக் கணக்கராக்குவது அவர் சொற்களை மதிப்பதாகாது.

இருபதாம் நூற்றாண்டில் வாதம் அமெரிக்காவிற்குப் பெயர்ந்தது. பாறைப் படிவங்கள் பெரும்பாலும் நோவாவின் வெள்ளத்தில் உண்டானவை என்னும் நூல் 1961இல் வெளிவந்து பெருவரவேற்புப் பெற்றது. 1981இல் ஆர்க்கன்சா மாநிலம், பரிணாமக் கொள்கைக்குச் சமமாகப் ‘படைப்பு அறிவிய’லையும் பள்ளிகளில் கற்பிக்கச் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் ஏறியவருள் முதல்வர் வில்லியம் மக்லீன் என்னும் மெதடிஸ்டு குரு. கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு ஆயர்களும் அவர்பால் நின்றனர். 1982 சனவரி 5ஆம் நாள் சட்டம் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. பிராட் அவ்வாதங்களைக் காணவில்லை. 1871இல் காசிப்பூரில் வாந்திபேதியால் மறைந்தார்.