திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் வட்டாரத்தில் மார்கழி மிளகாய் நாற்று

தமிழ்நாட்டில் மிளகாயை இரண்டு விதமாகப் பயிர் செய்கிறார்கள். இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் புரட்டாசி வாக்கில் விதையை வயலிலேயே நேரடியாகத் தூவுவது ஒன்று. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் அப்படி விளைவதுதான். பாசன வசதியுள்ள இடங்களில் சிறு பரப்பில் நாற்றுவிட்டு, 40 நாள் வளர்ந்தபின் பிடுங்கி நடுவது மற்றொன்று. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் திருவரங்கத்திலும் அதைச் சுற்றிய திருச்சிராப்பள்ளி வட்டாரத்திலும் இறவை மிளகாய் இந்த இரண்டாம் வகை. தைப்பட்டத்துக்காகக் கார்த்திகையிலும் மார்கழியிலும் விடும் நாற்றே இக்கட்டுரையின் பொருள். அந்த நாற்றுக்கு மறைவு தேவை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எதிலிருந்து மறைவு என்பதில்தான் தடுமாற்றம். குளிர்நாட்டார் நாற்றை வீட்டுக்குள் கொண்டுபோவது பனிக்குப் பயந்து. திருச்சியில் மறைவு கட்டுவது மழையையும் பூச்சியையும் தள்ளி வைக்க. அதன் வழியாகச் சித்திரை வெயிலுக்கு முன் செடியைப் பூக்க வைக்க. இந்த வேறுபாடு பிடிபடாமல் வேற்றுநாட்டு முறையை அப்படியே எடுத்துக்கொண்டால் நாற்று கெடும்.

குளிர்நாட்டு முறையின் நியாயத்தை முதலில் பார்க்க வேண்டும். கனடாவின் டொரன்டோவில் மே நடுப்பகுதி வரை உறைபனி விழக்கூடும். மிளகாய் விதை முளைக்க 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் உகந்தது. 15 டிகிரியை ஒட்டினால் முளைப்பு ஏறக்குறைய நின்றுபோகும். விதைத்து நான்கைந்து மாதம் கழித்தே பழம் கிடைக்கும் பயிரை, பனி தீர்ந்த பிறகு மண்ணில் போட்டால் பழுப்பதற்குள் அடுத்த குளிர் வந்துவிடும். ஆகவே அங்கு குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் உட்பட எல்லோரும் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வீட்டுக்குள் விதைத்து, அடியில் சூடேற்றும் விரிப்பும் மேலே எல்.இ.டி. விளக்கும் வைத்து, மே கடைசியில் வெளியே நடுகிறார்கள். அந்த மண்ணுக்கு அது குறையில்லாத முறை. யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு, மார்கழிக் குளிருக்கு அஞ்சி, விதைத் தட்டைக் கூடத்து மூலையில் கொண்டுவந்து வைப்பதுதான் பிழை.

ஏனெனில் திருச்சியில் குளிர் என்று அஞ்சுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. டிசம்பர், ஜனவரியில் இரவு வெப்பம் வழக்கமாக 20 டிகிரியை ஒட்டி நிற்கும். பகலில் 29, 30 டிகிரி வரை ஏறும். வெளிச்சத்தில் இடைவெளி இன்னும் பெரிது. ஆண்டின் மிகக் குறுகிய நாளில்கூடத் திருச்சியில் உச்சிவேளைச் சூரியன் அடிவானத்திலிருந்து 56 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அதே நாளில் டொரன்டோவில் 23 டிகிரிதான். அங்கு சூரியன் 56 டிகிரி உயரத்துக்கு வர ஏப்ரல் நடுப்பகுதி ஆக வேண்டும். பகல் நேரமும் இங்கு பதினொன்றரை மணி நேரத்தை ஒட்டியது. அங்கு ஒன்பது மணி நேரம்கூட இல்லை. இவ்வளவு ஒளி வாசலுக்கு வெளியே கொட்டிக் கிடக்கும்போது, சன்னலிலிருந்து ஓரிரு மீட்டர் உள்ளே வைத்த தட்டுக்குக் கிடைப்பது அதில் மிகச் சிறிய பங்கு. முளை நான்கே நாளில் வெளுத்து, நூல் போல நீண்டு, ஒளி வரும் பக்கம் சாயும். அப்படி நெட்டையாகிவிட்ட நாற்றைப் பிறகு வெயிலில் வைத்தாலும் தண்டு தேறுவதில்லை.

அப்படியானால் மழை ஓய்ந்தபின் தை பிறந்ததும் நிதானமாக வெட்டவெளியில் விதைத்தால் என்ன என்று கேட்கலாம். இங்குதான் திருச்சியின் நாட்காட்டி குறுக்கே நிற்கிறது. டொரன்டோ விவசாயிக்குப் பருவத்தின் தொடக்கத்தில் பனி என்ற வேலி இருக்கிறது. திருச்சி விவசாயிக்குப் பருவத்தின் முடிவில் கோடை என்ற வேலி. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுங்கத் தொடங்கினால் மிளகாய் பூவை உதிர்க்கும், பிஞ்சு பிடிக்காது. திருச்சியில் ஏப்ரல், மே மாதங்களின் பகல் வெப்பம் வழக்கமாகவே 37 டிகிரிக்கு மேல். ஜனவரி நடுவில் நட்ட செடி மார்ச் தொடக்கத்தில் பூத்து, கடும் வெயிலுக்கு முன் முதல் சில பறிப்புகளைத் தந்துவிடும். தை பிறந்து விதைத்தால் நடவே பிப்ரவரி கடைசிக்குப் போகும். பூக்கும் நேரம் ஏப்ரல். பின்னோக்கிக் கணக்கிட்டால் விதை விழ வேண்டிய காலம் டிசம்பர் முதல் வாரம், அதாவது கார்த்திகையின் பின்பாதி. அப்போது வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்காது. 1977 நவம்பரிலும் 2005 நவம்பரிலும் திருச்சி வெள்ளத்தில் மிதந்தது இப்பருவத்தின் உச்சநிலை. சாதாரண ஆண்டிலும் இரண்டு நாள் அடைமழை போதும், திறந்த பாத்தியில் நேற்று தூவிய விதை இடம்பெயர்ந்துவிடும். கூரை நாற்றுக்குச் சூட்டைத் தரவில்லை. மழையைத் தடுத்து ஆறு வாரங்களை மீட்டுத் தருகிறது.

புரட்டாசியிலேயே நட்டுவிட்டால் இந்தச் சிக்கலே இல்லையே என்பது அடுத்த எதிர்வாதம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மிளகாய்க்குச் சொல்லும் பருவங்களில் ஜனவரி–பிப்ரவரி, ஜூன்–ஜூலை ஆகியவற்றோடு செப்டம்பர்–அக்டோபரும் உண்டு என்பது உண்மைதான். நீர் வடியும் மேட்டு நிலத்துக்கு அது பொருந்தும். ஆற்றங்கரை வண்டல் நிலத்தில் ஐப்பசி மழைநீர் தேங்கினால், இளஞ்செடியின் வேர் ஓரிரு நாளிலேயே மூச்சுத் திணறி அழுகும். திருவரங்கத் தீவின் பெரும்பகுதி அத்தகைய தாழ்ந்த மண். அங்கு தைப்பட்டமே பாதுகாப்பானது.

மழை நேரடியாக அடித்துச் செல்வதைவிட, ஈரம் உள்ளிருந்து செய்யும் கேடு பெரியது. நாற்றழுகல் நோயை அருகில் பார்த்தவர்களுக்கு அது தெரியும். மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் பாத்தியில் படுத்திருக்கும். வித்திலைகள் இன்னும் பச்சையாகவே இருக்கும். வாடல் எதுவும் தெரியாது. தண்டை உற்றுப் பார்த்தால் மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் ஒரு வளையம் நீர்கோத்து, பழுப்பேறி, மெலிந்திருக்கும். ஓரிடத்தில் தொடங்கி வட்டமாக விரிந்து, இரண்டு மூன்று நாளில் ஒரு முழ அகலத்தை வழித்தெடுத்துவிடும். பித்தியம் என்ற பூசணம் போன்ற நுண்ணுயிரியே இதற்கு முக்கியக் காரணி; ஈரத்தில் நீந்திப் பரவும் வித்துகள் அதற்கு உண்டு. பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய இ. ஜே. பட்லர் 1907லேயே இந்தப் பேரினத்தை விரிவாக ஆராய்ந்து எழுதினார். நெருக்கமாக விதைப்பது, மாலையில் நீர் ஊற்றுவது, மார்கழிப் பனி இலையில் வெகுநேரம் நிற்பது ஆகிய மூன்றும் அதற்கு வழி திறந்துவிடும். அறைக்குள் காற்றோட்டமின்றி வைத்த தட்டில் இதே நோய் வரும் என்பதையும் மறக்கக் கூடாது. மேலே கூரையும் பக்கங்களில் காற்றும் வேண்டும் என்பது இதனால்தான். நீரைக் காலையில் பூவாளியால் தெளித்து, பொழுது சாய்வதற்குள் மேல்பரப்பு உலர விட வேண்டும்.

மழை குறைந்ததும் பூச்சி வருகிறது. இலைச்சுருட்டை நோயின் நச்சுயிரியை வெள்ளை ஈ சுமந்து வந்து நாற்றங்காலிலேயே ஏற்றிவிட்டால், வயலில் எந்த மருந்தும் அதை மாற்றாது. செடி குட்டையாகி, இலை மேல்நோக்கிச் சுருண்டு, காய்ப்பு நின்றுவிடும். ஆகவே நாற்றைச் சுற்றி 50 மெஷ் பூச்சித்தடுப்பு வலை கட்டுகிறார்கள். இலைப்பேன் அந்தக் கண்ணிலும் நுழைந்துவிடுமே என்ற ஆட்சேபம் சரியானது. வலை இலைப்பேனை முழுதாக நிறுத்தாது. 2021இல் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மிளகாயைச் சூறையாடிய கருப்பு இலைப்பேனுக்குப் பிறகு அந்த அச்சம் கூடியிருக்கிறது. ஆனால் வெள்ளை ஈயைத் தடுப்பதே பாதி வெற்றி. எஞ்சியதற்கு நீலநிற ஒட்டும் அட்டை தொங்கவிட்டு, குருத்திலையைத் தினமும் திருப்பிப் பார்க்க வேண்டும். கதவில்லாத வலைக்கூடாரம் கட்டி, ஆள் போக வரத் துணியை விலக்கிவிட்டு அப்படியே விடுவது செலவை வீணாக்கும்.

பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் குழித்தட்டு முறை இத்தனை தேவைகளையும் ஒரே ஏற்பாட்டில் சேர்க்கிறது. 98 குழிகள் கொண்ட தட்டில் மட்கவைத்த தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை இடுவார்கள்; ஒரு எக்டேருக்கான ஏறத்தாழ 23,000 நாற்றுக்கு 238 தட்டு. விதையைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடியுடன் கலந்து நேர்த்தி செய்வது அழுகலுக்கு முதல் தடுப்பு. பச்சை நார்க்கழிவில் உப்பும் துவர்ப்பும் மிகுதி. அதை அப்படியே நிரப்பினால் முளை கருகும். திருச்சியின் மார்கழி இரவு முளைப்பைச் சில நாள் தாமதப்படுத்தும் என்பது மறுக்க முடியாதது; குளிரைக் காரணம் காட்டுவோரின் வாதத்தில் நிற்கத்தக்க பகுதி இது ஒன்றே. அதற்கும் மின்விரிப்பு வேண்டியதில்லை. விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாளால் மூடி, ஏறத்தாழ ஆறு நாள் வைத்தால் உள்ளே வெப்பமும் ஈரமும் தங்கும். முளை தலைகாட்டும் அன்றே பிரித்து நிழல்வலைக்கு அடியில் பரப்பிவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் முளை தாளுக்கடியில் நீண்டுவிடும்.

அடுப்படியில் காய்ந்த வற்றலின் விதையைத் துளசி மாடத்தருகே உதறினாலே முளைத்ததே, இத்தனை ஏற்பாடு எதற்கு என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. நூறு விதையில் ஐந்து பிழைத்தாலும் ஒரு வீட்டுக்குப் போதும். அந்த முறை அதற்கு ஏற்றதே. வீரிய ஒட்டு விதையை 10 கிராம் பொட்டலமாக விலை கொடுத்து வாங்கும் விவசாயிக்கு ஒவ்வொரு விதையும் கணக்கு. எக்டேருக்குச் சாதாரண இரகங்களில் ஒரு கிலோ விதை தேவைப்பட, ஒட்டு இரகங்களில் 200 கிராம் அளவே பரிந்துரைக்கப்படுகிறது. அழுகலுக்கு விட்டுக்கொடுக்க அதில் மிச்சம் இல்லை. செலவுக்கு அஞ்சுவோர் சில தென்னங்கீற்றும் பழைய வலைச்சேலையும் கொண்டு மேட்டுப்பாத்திக்குப் பந்தல் போட்டாலும் பலன் பெரும்பாலும் கிடைக்கும். ஐயம் கேட்க நாவலூர் குட்டப்பட்டு மகளிர் தோட்டக்கலைக் கல்லூரியும் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையமும் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன.

திருவரங்கத்து அடுக்குமாடிகளில் இருப்போருக்கும் கூடத்தைவிட மொட்டைமாடியே நல்லது. மாடியின் கிழக்கு ஓரத்தில், மழை அடிக்காத சாய்ப்புக்கு அடியில் வலை சுற்றிய தட்டு வைத்தால் காலை வெயில் நேராக விழும். பால்கனி மட்டும் உள்ளவர்கள் தெற்குப் பார்த்த பக்கத்தைத் தேர்ந்துகொள்ளலாம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் அங்கு ஒளி உள்வரை வரும். கடைசி வாரத்தில் நிழல்வலையைத் தினம் சற்று அதிக நேரம் விலக்கி, நீரைக் குறைத்து, நாற்றைக் கெட்டிப்படுத்த வேண்டும். தண்டைத் தூக்கினால் வெள்ளை வேர்கள் நார்க்கட்டியை உதிராமல் பிடித்துக்கொண்டு முழுதாக மேலே வரும் நிலையில், வெயில் தாழ்ந்தபின் நடலாம்.