உலோகத்தைப் பற்றும் கொடுக்கு



செட்டிநாட்டு வீடுகளில் பித்தளை அண்டாக்களையும் செம்புக் குடங்களையும் புளியிட்டுத் துலக்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்து, மாணவன் ஒருவன் வகுப்பில் எழுந்து, “ஐயா, பாத்திரத்தின் களிம்பை எடுக்கும் புளி, குழம்பில் கொதிக்கும்போது மட்டும் சும்மா இருக்குமா?” என்று வினவினான். அவ்வினாவுக்குரிய விடையைத் தேடிச் செல்வோம்.

புளியில் டார்ட்டாரிக் அமிலம் மிகுதியாக உண்டு. அது களிம்பைக் கரைக்கிறது. அவ்வாறு கரைந்த தாமிர அயனியை அமிலத்தின் ஆக்சிஜன் அணுக்கள் பற்றிக்கொள்கின்றன. சர்க்கரையைச் சோதிக்கப் பயன்படும் பெலிங் கரைசலிலும் நிகழ்வது இதுவே. காரத்தில் தாமிரம் வீழ்படிவாக அடியில் தங்கவேண்டும். டார்ட்டரேட் அதனைப் பற்றியிருப்பதால் தங்குவதில்லை.

இப்பிடிப்பின் இயல்பை விளக்க வழி வகுத்தவர் ஆல்பிரெட் வெர்னர். உலோக அயனியைச் சூழ்ந்து குறித்த எண்ணிக்கையில் இடங்கள் உள்ளன என்றும், பிற அணுக்கள் அவ்விடங்களில் அமைகின்றன என்றும் 1893-இல் அவர் கூறினார். அப்போது அவருக்கு வயது 26. இருபது ஆண்டுகள் கழித்து, 1913-இல், நோபல் பரிசு அவரை அடைந்தது. ஒரே மூலக்கூறு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் அயனியைப் பற்றுமாயின், அதனை நண்டின் கொடுக்குக்கு ஒப்பிட்டு, ‘கீலேட்’ என்ற பெயரை 1920-இல் மார்கன், ட்ரூ என்னும் இருவர் வழங்கினர். நம் நாட்டிலும் கல்கத்தாவில் பிரியதாரஞ்சன் ராய் இத்துறையில் அரும்பணி ஆற்றினார். இத்தகைய சேர்மங்கள் வலஞ்சுழி வடிவிலிருந்து இடஞ்சுழியாக மாறும் வழியொன்றை அவரும் தத்தும் 1943-இல் காட்டினர். அது இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது.

இக்கொடுக்குப் பிடியின் வலிமை எதனால் வந்தது? ஒரு பிடி நழுவினாலும் மறுபிடி அயனியை விடுவதில்லை. நழுவிய பிடியும் அருகிலேயே இருப்பதால் மீண்டும் பற்றிவிடுகிறது. 1935-இல் ஜெர்மனியில் பெர்டினாண்ட் மூன்ஸ் உருவாக்கிய ஈ.டி.டி.ஏ. என்னும் பொருளுக்கு ஆறு பிடிகள் உண்டு. சாயத் தொழிலில் நீரின் கால்சியத்தைக் கட்டுப்படுத்த, அயல்நாட்டுச் சிட்ரிக் அமிலத்துக்கு மாற்றாக அதனை அவர் ஆக்கினார். பின்னர்ச் சூரிச் நகரின் சுவார்சன்பாக் அதனைக்கொண்டு நீரின் கடினத்தன்மையை அளக்கும் முறையை வகுத்தார். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சிவப்பு நீலமாக மாறும்வரை சொட்டுச் சொட்டாக விடுகிறீர்களே, அச்சோதனை அவர் தந்ததே.

1950-களில் இப்பொருள் காரீய நஞ்சுக்கு மருந்தாயிற்று. மருந்தில் கொடுக்கு முன்னரே கால்சியத்தைப் பற்றியிருக்கும். காரீயத்தைக் கண்டதும் கால்சியத்தை விட்டு அதனைப் பற்றிச் சிறுநீரில் வெளியேற்றும். கால்சியம் இல்லாத உப்பைச் செலுத்தினாலோ, அது இரத்தத்தின் கால்சியத்தையே கவர்ந்துவிடும். 2005-இல் அமெரிக்காவில் இவ்வாறு இரு குழந்தைகள் உயிரிழந்தனர். பெயரில் சிறு வேறுபாடு. விளைவிலோ உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடு!

நம் காரைக்குடியிலும் உலோக அயனிகளை ஆராயும் கூடம் உண்டு. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் அது. அங்கு ஆராயப்படும் துறைகளுள் மின்முலாம் பூசுதலும் ஒன்று. பல முலாம் கரைசல்களில் உலோக அயனியைப் பற்றிவைத்துச் சிறிது சிறிதாக விடுவிப்பதாலேயே பூச்சு சீராகப் படிகிறது.

இனி, அம்மாணவனின் வினாவுக்கு வருவோம். புளி சும்மா இராது. வெறும் பித்தளையில் புளிக்குழம்பைக் காய்ச்சினால் தாமிரம் உணவில் கலக்கும். அதனாலன்றோ நம் முன்னோர் பாத்திரத்தின் உட்புறம் ஈயம் பூசினர்! அவ்வீயம் தூய வெள்ளீயமாக இருத்தல் வேண்டும். காரீயம் கலந்திருப்பின் புளி அதனையும் கரைத்து உணவில் சேர்க்கும். அடுத்த முறை அண்டா துலக்குவதைக் காணும்போது, அதன் உட்புறப் பூச்சு தேய்ந்துள்ளதா என்று நோக்குங்கள். கற்ற கல்வி வீட்டுக்குப் பயன்படட்டும்.