பதிவு செய்யாத கம்பெனி கேஸ் போட முடியுமா?

பெருங்குடி தொழிற்பேட்டையில் இரண்டு நண்பர்கள் கூட்டாக ஒரு லேத் பட்டறை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒப்பந்தப் பத்திரம் இருக்கிறது, ஆனால் நிறுவனத்தைப் பதிவு செய்யவில்லை. சரக்கு எடுத்த ஒருவர் 4 லட்சம் ரூபாய் பாக்கி வைத்துவிட்டுத் தர மறுக்கிறார். கோர்ட்டுக்குப் போனால் வழக்கு நிற்காது! பாக்கி உண்மையா பொய்யா என்ற விசாரணைக்கே இடமில்லை. ஆனால் அதே ஆள் இவர்கள் மேல் வழக்குப் போட்டால் அது செல்லும்.

என்ன நியாயம் இது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

1932 வரை இந்தியாவில் கூட்டாண்மைக்குத் தனிச் சட்டம் கிடையாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் ஓர் அத்தியாயம், அவ்வளவுதான். நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டால், "நான் கூட்டாளியே இல்லை" என்று ஒவ்வொருவராக நழுவினார்கள். யார் யார் கூட்டாளி என்று நிரூபிப்பது கடன் கொடுத்தவர் தலையில் விழுந்தது.

இதைச் சரிசெய்ய அரசு ஒரு சிறப்புக் குழு அமைத்தது. அதில் இருந்தவர்களில் ஒருவர் மயிலாப்பூர் லஸ் பகுதியில் வாழ்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அப்போது சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல், பின்னாளில் அரசியலமைப்பு வரைவுக் குழு உறுப்பினர். இங்கிலாந்தில் 1916-ஆம் ஆண்டுச் சட்டம் வணிகப் பெயர்ப் பதிவைக் கட்டாயமாக்கி, பதியாதவர்களுக்கு அபராதமும் வைத்திருந்தது. இந்தியச் சிறு வியாபாரிகளுக்கு அது ரொம்பக் கடுமை என்று கருதினார்கள். அதனால் ஒரு நடுவழி: பதிவு செய்வது அவரவர் விருப்பம், ஆனால் பதியாவிட்டால் ஒப்பந்தப் பாக்கிக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. இதுதான் 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு. எல்லோரும் பதிந்துகொள்ள அவகாசம் வேண்டுமே? சட்டம் 1932 அக்டோபரில் அமலுக்கு வந்தாலும் இந்தப் பிரிவு மட்டும் ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது.

ஆட்கள் அதிகமானால் கதையே வேறு. பழைய கம்பெனிச் சட்டங்களில் 20 பேருக்கு மேல் சேர்ந்து லாபத்துக்காகப் பதியாமல் தொழில் செய்தால் அந்தக் கூட்டமே சட்டவிரோதம். (2013 சட்டத்தின்படி இன்று வரம்பு 50 பேர்.) இங்கிலாந்தில் 1883-இல் இப்படிப் பதியாத ஒரு கடன் சங்கம், தான் கொடுத்த கடனைக் கேட்டுப் போட்ட வழக்கு தோற்றது. வாங்கியவர் தப்பித்தார்.

சிறிய கூட்டாண்மை அப்படியல்ல. அது சட்டப்படியானது, ஆனால் கோர்ட்டில் வாய் திறக்க முடியாதது. விலக்கும் உண்டு. 100 ரூபாய்க்கு மேற்படாத சில சிறு வழக்குகளைப் போடலாம். 1932-இல் அது பெரிய தொகை, இன்றைக்கு?

கோர்ட்டுகளும் இந்தப் பிரிவின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கின்றன. 2000-இல் ஹல்திராம் வழக்கில், வணிகப் பெயரைக் காப்பாற்றும் உரிமை ஒப்பந்தத்திலிருந்து பிறப்பதல்ல, அதற்குத் தடையில்லை என்றது உச்ச நீதிமன்றம். மகாராஷ்டிரா 1984-இல் ஒரு படி மேலே போய், பதியாத நிறுவனத்தின் கூட்டாளி பிரிந்து கணக்குக் கேட்கவும் தடை போட்டது. தன் பங்கையே இழக்க வைக்கும் அந்தத் திருத்தத்தை 2009-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

ஆனால் மூலத் தடை அப்படியேதான் இருக்கிறது. வழக்குப் போட்ட பிறகு பதிந்தாலும் அந்த வழக்கு பிழைக்காது என்று 1998-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. பதிந்துவிட்டுப் புதிதாகப் போடலாம், ஆனால் பாக்கி வழக்குக்குக் காலவரம்பு பொதுவாக 3 வருடம். பட்டறை நண்பர்கள் அதற்குள் பதிந்தால் 4 லட்சத்தைக் கேட்க வழியுண்டு. தாண்டிவிட்டால், பாக்கிக்காரர் வாயே திறக்காமல் ஜெயித்துவிடுவார்.

கடன்காரர் ஏமாறக் கூடாது என்று வந்த சட்டம், கடன் வாங்கியவர் ஏமாற்றவும் இடம் கொடுக்கிறது. நண்பர்களோடு தொழில் தொடங்குபவர்கள் பத்திரத்தோடு நிறுத்தாமல் நிறுவனப் பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒரு நடை போய்வருவது நல்லது.