பாத் நகர ரோமானியக் குளியலகம்

இங்கிலாந்தின் தென்மேற்கில் ஏவன் ஆற்றங்கரையில் உள்ள பாத் நகரில், இயற்கை வெந்நீர் ஊற்று ஒன்றைச் சுற்றி ரோமானியர் எழுப்பிய கட்டடத் தொகுதி இது. ஊற்றில் நாள்தோறும் ஏறத்தாழ 11.7 லட்சம் லிட்டர் நீர் சுமார் 46 பாகை செல்சியஸ் வெப்பத்துடன் பொங்கி வருகிறது. குடும்பத்தோடு ஒருநாள் சுற்றுலாவாக வருவோர் பலர் இதைப் பழங்காலத்துச் சொகுசுக் குளியலறையாகவே காண்கின்றனர். சான்றுகளோ வேறு முடிவுக்கு இட்டுச் செல்கின்றன: இங்கே வழிபாடே முதன்மையானது, குளியல் அதை ஒட்டி வளர்ந்தது. ரோமானியர் வருமுன்பே ஊற்று சூலிஸ் என்னும் உள்ளூர்ப் பெண் தெய்வத்துக்கு உரியதாக இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டடம் எழுப்பியவர்கள் அவளைத் தங்கள் தெய்வமான மினர்வாவோடு இணைத்தே கோயில் கட்டி வணங்கினர். ஊரும் அவள் பெயராலேயே வழங்கிற்று. ஊற்றுத் தேக்கம் காணிக்கை இடும் இடமாயிற்று. அதிலிருந்து 12,000-க்கும் மேற்பட்ட நாணயங்கள் கிடைத்துள்ளன. குளிப்பதற்கான நீர் அதிலிருந்து பிரிந்து, ஈயத் தகடு பாவிய பெருங்குளத்துக்குச் சென்றது.

தரைக்கடியில் அனல் செலுத்திய வெப்ப அறைகளும் குளிர்நீர்க் குளமும் இருந்தனவே, மக்கள் இன்பத்துக்காகத்தானே வந்திருப்பர் என்று கேட்கலாம். இன்பம் இல்லாமல் இல்லை. ஆனால் சுமார் 130 சாபத் தகடுகள் வழிபாடும் குளியலும் பிரியாதிருந்ததைக் காட்டுகின்றன. குளிக்கும்போது உடையைப் பறிகொடுத்தவர்கள்கூடத் திருடனைத் தண்டிக்கும்படி சூலிஸுக்கே எழுதி, தகட்டை ஊற்றில் இட்டனர். இன்றைய திருயர் பகுதியைச் சேர்ந்த பெரெகிரினுஸ் என்பவர் தம் நாட்டுத் தெய்வங்களுக்கு இங்கே பலிபீடம் நிறுவியதும், வெறும் உள்ளூர்க் குளியலகத்துக்குப் பொருந்தாத செய்தி.

அப்படியானால் சொகுசுக் கூடம் என்ற எண்ணம் ஏன் நிலைத்தது? விடை அகழாய்வின் வரலாற்றில் இருக்கிறது. கோயிலின் முகப்புக் கற்கள் 1790-இல் பம்ப் ரூம் மண்டபத்துக்கு அடித்தளம் தோண்டியபோது வெளிப்பட்டன. கோயிலின் பெரும்பகுதி இன்றும் மண்டபத்துக்கும் தெருக்களுக்கும் அடியிலேயே கிடக்கிறது. பெருங்குளமோ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திறந்த வெளியாக மீட்கப்பட்டது. அதைச் சூழும் மாடமும் பேரரசர் சிலைகளும் ரோமானியர் காலத்தவை அல்ல. 1897-இல் பார்வையாளருக்குத் திறப்பதையொட்டி அமைந்தவை. ஆகவே கண்ணுக்கு எளிதில் படுவது குளம். கோயிலைக் காண நிலத்தடிக் காட்சிக்கூடத்துக்கு இறங்க வேண்டும். 1978-இல் நீரிலிருந்த அமீபாத் தொற்றால் ஒரு சிறுமி இறந்தபின் இங்குக் குளியல் நின்றுவிட்டது. பார்ப்பதற்கு மட்டுமே அனுமதி. குளியலை விலக்கிய பின்னும் இவ்விடம் பொருளிழக்காததற்குக் காரணம், அதன் மையம் தொடக்கத்திலிருந்தே ஊற்றாக இருந்ததுதான்.