மாத்தளை வழிகளும் வண்டிச் சில்லுகளும்

பாதை எத்தகையதோ, சில்லும் அத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பது வண்டி தோன்றிய காலந்தொட்டு மனிதன் கற்றுவரும் பாடமாகும். மாத்தளை மாவட்டம் அப்பாடத்தைப் பலமுறை கற்றது. சில வேளைகளிற் பெருவிலை கொடுத்தும் கற்றது. இன்று அம்மாவட்டத்து மலைத்தோட்டங்களில் ஜீப்போ லாண்ட் ரோவரோ வைத்திருப்போர், தம் வாகனத்துக்கு எல்லாத் தரைக்குமான ரயரைப் பூட்டுவதா, சேற்று ரயரைப் பூட்டுவதா என்று ஆராய்கின்றனர். இது புதிய வினாப் போலத் தோன்றினும், இதன் வேர் ஒன்றரை நூற்றாண்டுக்கும் அப்பாற் செல்வதாகும்.

முதலிற் சில்லே இல்லாத காலம் ஒன்றிருந்தது. கோப்பித் தோட்டங்கள் மலைநாட்டிற் பரவிய நாட்களில், தமிழகத்தினின்றும் வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்த ஆகிய ஊர்களைக் கடந்து, கால்நடையாகவே மாத்தளையை அடைந்தனர். வழியிற் பசியாலும் பேதியாலும் காய்ச்சலாலும் மாண்டோர் மிகப் பலர். மலையகத் தமிழர் வரலாற்றில் மாத்தளை ஒரு நுழைவாயிலாக விளங்குவது இதனாலேயே ஆகும்.

வழியமைக்கும் சுமையும் மக்கள் மீதே விழுந்தது. 1848ஆம் ஆண்டில் தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் அரசு, ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்துதல் வேண்டும் எனச் சட்டம் விதித்தது. துப்பாக்கிக்கும் நாய்க்கும் விதித்த வரிகளோடு இதுவும் சேர்ந்து மக்களைக் கொதிப்படையச் செய்தது. அவ்வாண்டு யூலையிற் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் மன்னராக முடிசூட்டப் பெற்றார். கிளர்ச்சியாளர் மாத்தளையை நோக்கி நடந்தனர். புரன் அப்பு பிடிபட்டு ஓகஸ்ட் 8ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். வீதி என்பது வெறும் கல்லும் மண்ணும் அன்று, மனிதர் உடலுழைப்பும் உயிரும் அதனுள் அடங்கியுள்ளன என்பதை அந்நிகழ்ச்சி என்றும் நினைவூட்டும்.

வழி ஓரளவு அமைந்தபின் மாட்டுக் கரத்தைகள் வந்தன. அவற்றின் மரச்சில்லுகளுக்கு இரும்புப் பட்டை பூட்டப்பட்டிருந்தது. வரண்ட தரையில் அது தேயாது உழைக்கும். மழைக்காலத்திலோ, ஒடுங்கிய இரும்பு விளிம்பு ஈரமண்ணைக் கத்திபோல் வெட்டி ஆழ்ந்துவிடும். பின்வரும் வண்டி அதே தடத்தில் இறங்க, தடம் வாய்க்காலாகும். இத்தொல்லை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1753ஆம் ஆண்டிலேயே, வீதிகளைக் காக்கும்பொருட்டுப் பார வண்டிகளின் சில்லுகள் ஒன்பது அங்குல அகலம் உடையனவாய் இருத்தல் வேண்டும் எனச் சட்டம் இயற்றினர். அகன்ற சில்லு தரையைக் காத்தது. ஆயின் அதன் பாரத்தை இழுக்கும் விலங்கு வருந்தியது. ஒன்றிற் பெறும் நன்மைக்கு மற்றொன்றில் விலை கொடுத்தே ஆகவேண்டும் என்னும் உண்மை அன்றே புலப்பட்டது.

புகையிரதம் இவ்வினாவுக்கு வேறொரு விடை கூறியது. சில்லைப் பாதைக்கேற்ப மாற்றுவதை விடுத்து, சில்லுக்கேற்ற இரும்புப் பாதையையே அது விரித்தது. 1867இற் கண்டியை எட்டிய இருப்புப்பாதை 1880இல் மாத்தளையை அடைந்தது. எனினும் நிலையத்திலிருந்து தோட்டம் வரையுள்ள மலைப்பாதை, கரத்தைக்கும் தலைச்சுமைக்கும் உரியதாகவே எஞ்சி நின்றது.

இதற்கிடையில் இறப்பர் உலகை மாற்றத் தொடங்கியிருந்தது. குளிரில் இறுகி வெயிலில் இளகும் அப்பாலைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையை 1839இல் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் கண்டார். 1845இல் றொபேட் தொம்சன் காற்றடைத்த சில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அது மறக்கப்பட்டபின், 1888இல் பெல்பாஸ்ற் நகரில் ஜோன் டன்லொப் அதனை மீண்டும் ஆக்கி வழக்கிற் கொணர்ந்தார். அமேசன் காட்டில் ஹென்றி விக்கம் திரட்டிய விதைகளினின்றும் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்த நாற்றுகளில் ஏறத்தாழ 1,900, 1876இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. கோப்பியைப் பூஞ்சண நோய் அழித்தபின், தேயிலையோடும் கொக்கோவோடும் இறப்பரும் மாத்தளைச் சரிவுகளில் இடம்பெற்றது. விடியலில் மரம் வெட்டிப் பால் எடுத்த தொழிலாளியின் உழைப்பு கப்பலேறிச் சென்று, ரயராகத் திரும்பி வந்து, அவர் வாழும் லயத்துப் பாதையிலேயே உருண்டது.

இரண்டாம் உலகப் போர் ஜீப்பைத் தந்தது. 1948 ஏப்பிரலில் ஆம்ஸ்ரடாம் கண்காட்சியில் லாண்ட் ரோவர் அறிமுகமாயிற்று. இரண்டும் ஆறு அங்குல அகலமும் பதினாறு அங்குல உள்விட்டமும் உடைய ஒடுங்கிய ரயர்களையே பூண்டிருந்தன. போர்க்கால ஜீப்பின் ரயரிற் குறுக்கே தடித்த கட்டைகள் அமைந்திருந்தன. அவை சேற்றைப் பற்றும், ஆனால் தார்வீதியில் இரையும். 1946இல் மிஷலின் நிறுவனம் காப்புரிமை பெற்ற ஆரை அமைப்பு ரயரின் தன்மையையே மாற்றிற்று. 1976இல் அமெரிக்காவின் பி.எப். குட்றிச் நிறுவனம், அவ்வமைப்பில் எல்லாத் தரைக்குமான ரயரை வெளியிட்டது. ஒரு வாகனம் வேலைக்கும் வீட்டுக்கும் ஒருங்கே பயன்பட வேண்டிய காலம் வந்தபோது பிறந்த பொருள் அது.

இவ்விரு வகைகளின் வேறுபாடு எளிதிற் புரிவதே. சேற்று ரயரின் கட்டைகள் பெரியவை. அவற்றிடையே உள்ள பள்ளங்கள் அகன்றவை. சில்லு சுழலும்போது பள்ளத்திற் சேர்ந்த களிமண் எறியப்பட்டு, கட்டைகள் மீண்டும் புதுமண்ணைப் பற்றும். உழவு இயந்திரத்தின் பின்சில்லு தொழிற்படுவதும் இவ்வாறே. ஆயின் பள்ளம் அகலுந்தோறும் வீதியைத் தொடும் இறப்பரின் பரப்புக் குறையும். ஆதலின் ஈரத் தார்வீதியில் பிறேக் பிடித்தபின் வாகனம் நிற்க நீண்ட தூரம் வேண்டும், இரைச்சல் மிகும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், ரயரும் விரைவில் தேயும். எல்லாத் தரைக்குமான ரயரிற் கட்டைகள் சிறியவை, நெருங்கியவை. அவற்றின் மீதுள்ள நுண்ணிய வெட்டுகள் ஈரவீதியைப் பற்றும். கல், சரளை, மணல் ஆகியவற்றிலும் அது நன்கு செல்லும். ஆழ்ந்த களிமண்ணில் மட்டும் அதன் பள்ளங்கள் அடைபட்டு, சில்லு வழவழப்பான உருளையாகிவிடும்.

இனி மாத்தளையின் ஒரு நாட் பயணத்தை எண்ணுக. நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரின் றிவர்ஸ்டன் கணவாயை ஏறி, இலுக்கும்புரவுக்கும் லக்கலவுக்கும் இறங்கும் வீதி, வளைவும் மூடுபனியும் நிறைந்த தார்வீதியாகும். அதனினின்றும் கிளைக்கும் தோட்டப் பாதைகளோ கல்லும் களியும் கலந்தவை. ஒக்ரோபர் தொடக்கம் வடகீழ்ப் பருவமழை ஓயும்வரை அவை சகதியாகும். இவ்வழியிற் செல்லும் வாகனம் பொழுதுபோக்குக்கானதன்று. காலையிற் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றும் அதே ஜீப், நள்ளிரவிற் பிள்ளைப்பேற்று வேதனையுற்ற தாயை மாத்தளை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும். அவள் லயத்திலிருந்து வீதிக்கு வரும் சிறுதூரம் சேறு. அதன்பின் வைத்தியசாலை வரையுள்ள பெருந்தூரம் மழையில் நனைந்த தார்.

ஆகவே, ஆண்டில் ஓரிரு நாள் நேரும் ஆழ்சேற்றை எண்ணி, நாள்தோறும் ஓடும் வீதியை மறந்துவிடல் தகாது. சேற்றிற் சிக்கினால் நேரம் இழக்கப்படும். ஈரவளைவில் வழுக்கினால் உயிர் இழக்கப்படும். பெரும்பாலும் தார்வீதியிலும் சிறிதளவு தோட்டப் பாதையிலும் ஓடும் வாகனத்துக்கு எல்லாத் தரைக்குமான ரயரே ஏற்றது. சேறு வந்துற்றபோது சில்லின் காற்றைச் சற்றே குறைத்தால், ரயர் தரையிற் படியும் பரப்பு நீண்டு பிடிப்புக் கூடும். மீண்டும் வீதிக்கு வந்ததும் காற்றை நிரப்பிவிடல் வேண்டும். சங்கிலியும் மண்வெட்டியும் கயிறும் வாகனத்தில் இருத்தல் நன்று. நாள் முழுதும் களிப்பாதையிலேயே சுமை ஏற்றுவோர்க்குச் சேற்று ரயர் வேண்டியதே. அவர்கள் தார்வீதிக்கு வருங்கால் வேகத்தைக் குறைத்தல் கடன்.

பிறிதொன்றும் கருதத்தக்கது. இரும்புப் பட்டை முன்னாளிற் செய்த தீங்கை, ஆழ்ந்து சுழலும் சேற்றுக் கட்டைகளும் ஈரப்பாதைக்குச் செய்யக்கூடும். அத்தடத்தில் மழைநீர் ஓடி மண்ணை அரிக்கும். மறுநாள் அதே பாதையிற் கொழுந்துக் கூடையோடும் புத்தகப் பையோடும் நடப்போர் அச்சேற்றிற் கால் புதைவர். காட்டுவழி நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு நல்ல ரயர் ஓர் உதவியே. உரிமையோ நல்ல வீதி. வாகனத்தைப் பார்த்து ரயர் தெரிவதிலும் வழியைப் பார்த்துத் தெரிவது நன்று. அவ்வழியில் நடப்போரையும் பார்த்துத் தெரிவது அதனினும் நன்று.