காடு மூடின காணி யாருடையது?

வைகாசி, ஆனி மாதங்களில் ஏ9 வீதியால் போகிறவர்கள் வன்னிப் பக்கம் தெருவோரத்தில் பாலைப்பழம் விற்பதைக் கண்டிருப்பீர்கள். பழம் இனிக்குது, வாங்குறம், போறம். அதைப் பிடுங்கி வந்தவருக்கு அந்தக் காட்டில் ஏதாவது உரிமை இருக்குதா என்று நாங்கள் கேட்பதில்லை. காட்டையும் வறுமையையும் சேர்த்துப் பேசுவதென்றால் அந்தக் கேள்வியில் இருந்துதான் தொடங்க வேணும்.

வன்னியில் வயல் குளத்தை நம்பியிருக்கும், குளம் மாரி மழையை நம்பியிருக்கும். மழை பொய்த்த வருசங்களில் சனத்தின் பட்டினியைத் தணித்தது காடுதான். தேன், பழம், மூலிகை, விறகு, வீட்டுக்குத் தடி, மாட்டுக்கு மேய்ச்சல் எல்லாம் அங்கே இருந்தன. எல்லாவற்றிலும் பெரியது சேனை. கோடையில் காடு வெட்டி, காயவிட்டு, எரித்து, முதல் மழையோடு குரக்கன், சாமை, எள்ளு, சோளம், பயறு விதைப்பார்கள். குளத்துத் தண்ணீர் தேவையில்லை. வயலும் கலப்பையும் இல்லாத குடும்பமும் செய்யலாம். ஒன்றிரண்டு போகத்துக்குப் பிறகு நிலத்தை விட்டுவிடுவார்கள். பற்றை எழும்பி, மரம் வளர்ந்து, மண் தேறின பிறகு திரும்பி வருவார்கள். இடையில் பல வருசம் அது பார்வைக்கு வெறும் காடு. ஊராருக்கு அது ஆறவிட்ட காணி.

இந்த இடைவெளியில்தான் சட்டம் புகுந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியவை என்றது. பல வருச இடைவெளி விட்டே பயிரிடக்கூடிய சேனை நிலங்களைக் கண்டி இராச்சியத்துக்கு வெளியே இருந்த மாவட்டங்களில் காடாகவோ தரிசாகவோ கருத வேணும் என்றும் சொன்னது. நிலத்தை ஆறவிட்டதே உரிமை இல்லை என்பதற்கு அடையாளமாயிற்று. உறுதி எழுதாமல் தலைமுறை வழக்கத்தால் பயிரிட்ட சனம் எதைக் காட்டி நிரூபிக்கிறது?

அதே காலத்தில் மலைநாட்டுக் காடுகள் கோப்பித் தோட்டத்துக்காக ஏக்கர் 5 சிலிங்குக்கு விற்கப்பட்டன. வாங்கினவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களும் இருந்தார்கள். சேனைக்காரன் காட்டை அழிக்கிறான் என்று குறைப்பட்டுக்கொண்ட ஆட்சிதான் அந்தக் காடுகளை ஏலத்தில் விட்டது.

அதன் பிறகு சேனைக்கு அனுமதி எடுக்க வேணும். அனுமதி யாருக்குக் கிடைக்கும் என்பதில் ஊர்த் தலைமைக்காரரின் வார்த்தை எடுபட்டது. அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வுல்ஃப் 1913இல் வெளியிட்ட 'காட்டில் ஒரு கிராமம்' நாவலில் சிலிந்துவின் குடும்பத்தை நெருக்குகிற கைகளில் ஒன்று இந்த அனுமதிதான். பசிக்குக் கைகொடுத்த காடு, கடனுக்கும் கெஞ்சுதலுக்கும் வழியாக மாறினதை அதில் வாசிக்கலாம்.

1885இலும் 1907இலும் வனக் கட்டளைச் சட்டங்கள் வந்தன. 1907இன் சட்டம் திருத்தங்களோடு இன்றைக்கும் நடைமுறையில் இருக்குது.

இது பழங்கதை என்று நினைக்கிறவர்கள் முசலியைப் பார்க்க வேணும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். இருபது வருசத்தில் மரிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கம் காணிகளைக் காடு மூடிவிட்டது. போர் முடிந்து சனம் திரும்பத் தொடங்கிய நேரத்தில், 2012இல், அந்தப் பகுதி ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. சேனைக்காரன் விரும்பி விட்டுப்போனான், இவர்கள் துரத்தப்பட்டுப் போனார்கள். சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்: மரம் நிற்குது, ஆள் இல்லை, ஆகவே அரசுக்குரியது.

காட்டைக் காப்பாற்ற வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. குளத்துக்கு நீர் வருவதே காட்டால்தான். குடித்தொகை கூடக்கூட சேனையின் இடைவெளி குறைந்து மண் களைத்துப் போனதும் உண்மை. மீள்குடியேற்றத்துக்காகக் கல்லாறு காட்டை வெட்டியது சட்டவிரோதம் என்று 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரும்ப மரம் நடவும் சொன்னது. சூழலியலாளர்களின் கவலையை இனவாதம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட ஏலாது. ஆனால் எல்லை போடுவதற்கு முதல், இங்கே ஆர் இருந்தவை, எதை நம்பிச் சீவித்தவை என்று கேட்கலாம்தானே. இந்தியா 2006இல் கொண்டுவந்த வன உரிமைச் சட்டத்தின் முகவுரையிலேயே காடுவாழ் மக்களுக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியை ஒத்துக்கொண்டது. நடைமுறையில் குறைகள் நிறைய. என்றாலும் ஊர்ச் சபை கூடிக் கோரிக்கையை விசாரிக்க அங்கே ஒரு வழி இருக்குது. எங்களிடம் அதுகூட இல்லை.

1840இல் கேட்ட அதே நிரூபணத்தைத்தான் இன்றைக்கும் கேட்கிறார்கள். அதனால் வரலாறு படிக்கிற நாங்கள் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்குது. எந்தச் சேனை எந்தக் குடும்பத்தினது, எந்தப் பாலை மரத்தடியில் எல்லை, எந்த வருசம் கடைசியாக விதைத்தது என்பதெல்லாம் இன்னும் முதியவர்களின் ஞாபகத்தில் இருக்குது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பம்.